இன்னொருத்தி தூக்கிய எட்டு நாள்

செங்கல் களத்தில் வீட்டுக்கு ஒரு வரிசை. அந்த வரிசைக்கு ஆள் வராத நாள் என்று ஒன்று வோனோகிர்த்தோ கிராமத்தில் கிடையாது. புருஷனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் பெண்டாட்டி வருவாள். பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றால் அவள் தங்கை வந்து மண் மிதிப்பாள். ஒருமுறை பாய்மின் வீட்டில் அத்தனை பேருக்கும் வயிற்றுப்போக்கு. பெண் பார்க்க வந்திருந்த பையனே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அரைநாள் கல் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். மேஸ்திரி தூகிரா முகத்தைப் பார்க்கிறவள் அல்ல, வரிசையில் கல் காய்கிறதா என்று பார்க்கிறவள். பாய்மின் வரிசை காய்ந்தது, பாய்மின் வந்தான் என்று எழுதிக்கொண்டாள். இதில் பொய் என்று ஏதாவது இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. லஸ்மினிக்கும் தோன்றவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

லஸ்மினிக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் நாடிமான் மலேசியாவில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான், பெருநாளுக்கு வருவான், சில பெருநாளுக்கு வரமாட்டான். ஒரே மகள் நிங்ரும், பதினேழு வயது, எடை தூக்குகிறவள். களத்துக்குப் பின்னால், பயிற்சியாளர் ஹர்தோயோ வீட்டுக் கொல்லையில், தகரக் கூரை போட்ட கொட்டகை இருக்கிறது. இரும்புக் கம்பியும் தட்டுகளும் விழுகிற சத்தம் களத்துக்கே கேட்கும். கேட்டதும் தூகிரா, “உன் மக நம்மூரு பூமிய ஒடைக்காம விடமாட்டா போலருக்கே” என்பாள்.

லஸ்மினியும் அதே கொட்டகையில் தூக்கியவள்தான். மாகாண அணி வரைக்கும் போனாள். தலைநகரிலிருந்து கூப்பிட்டு ஆள் வந்தபோது நிங்ரும் வயிற்றில் மூன்று மாதம். அதோடு நின்றது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. விடிவதற்குள் களத்துக்கு வந்து மதியம்வரை மண்ணோடு மல்லுக்கட்டுகிறவளுக்குக் குறைப்பட நேரம் ஏது?

இந்த வருஷம் ஜகார்த்தாவிலுள்ள பயிற்சி மையத்திலிருந்து கொட்டகைக்கு மூன்று பட்டைகள் வந்தன. கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டுவது. முகப்பில் முள் இல்லை, எண்ணும் இல்லை, ஒரு பச்சை விளக்கு மட்டும். இரண்டு பையன்களுக்கு ஒவ்வொன்று, நிங்ருமுக்கு ஒன்று. ஹர்தோயோ அவரவர் வீட்டுக்காரர்களையும் கூட்டி வைத்துச் சொன்னார்:

“இது நீங்க தூக்குற ஒவ்வொரு தூக்கையும் எழுதிக்கும். கை எவ்வளவு வேகமா போச்சு, நேரா போச்சா கோணலா போச்சான்னு போனுக்கு அனுப்பும். போன் மையத்துக்கு அனுப்பும். ஆறு வாரம் அங்கேயிருந்தே பாத்துக்கிட்டு இருப்பாங்க. மூணு நாளுக்கு மேல வெத்தா கெடந்துச்சுன்னா தேர்வுலேருந்து பேரு போயிரும். என்னைக் குத்தம் சொல்லப்படாது.”

அன்றன்றைக்கு எத்தனை கிலோ என்று போனே சொல்லும். அந்தத் தட்டுகளை மாட்ட வேண்டும், பட்டையின் ஓரத்திலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும், தூக்க வேண்டும். அவ்வளவுதான். பதினொரு வருஷமாக அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு பெண்கூட மையத்துக்குப் போகவில்லை. இந்த முறை போனால் சாப்பாடு, படிப்பு, மருத்துவம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முக்கியமாக, நிங்ரும் களத்துக்கு வர வேண்டியதில்லை. லஸ்மினிக்கு அது ஒன்று போதும்.

நாலாவது வாரம் ஹர்தோயோ பையன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பலெம்பாங்குக்குப் போட்டிக்குப் போனார். கொட்டகைச் சாவி நிங்ருமிடம். அவர் போன மறுநாளே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். வீட்டிலேயே படுக்கட்டும், தண்ணீர் நிறையக் கொடுங்கள், பல்லில் ரத்தம் வந்தால் ஓடி வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். டெங்குவுக்குக் கொய்யாச் சாறுதான் மருந்து என்று அக்கம்பக்கத்தில் கொய்யா மரம் வைத்திருந்தவர்கள் எல்லாம் பழம் கொண்டுவந்து குவித்தார்கள். லஸ்மினி அடித்துப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் கொடுத்தாள்.

“இதக் குடிச்சே செத்துருவேன்மா.”

“செத்தாலும் பரவால்ல, குடிச்சுட்டுச் சாவு.”

இரண்டு நாள் வெற்றாகப் போனது. மூன்றாம் நாள் மத்தியானம் லஸ்மினி மகளின் தலைமாட்டில் கிடந்த பட்டையைப் பார்த்தாள். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஹர்தோயோவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். காய்ச்சல் என்று களத்தில் யாரும் மேஸ்திரிக்குப் போன் போடுவதில்லை, ஆள் அனுப்புவார்கள். வீட்டு வரிசை காலியாகக் கிடக்கக் கூடாது. லஸ்மினி பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள், மகளின் போனையும் எடுத்துக்கொண்டாள்.

மழை தகரத்தை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. போனில் ஐம்பத்திரண்டு என்று காட்டியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். முப்பது மாட்டினாள். பட்டை கையில்தானே இருக்கிறது, கை தாங்குகிற கனம் அதற்குத் தெரியாமலா போகும் என்று நினைத்தாள். மகளுக்குப் பதிலாகக் கொஞ்சம் குறைவாகத் தூக்கினாள் என்று எழுதிக்கொள்ளட்டும். களத்திலும் மாற்றாள் அறுக்கிற கல் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

கம்பியைப் பிடித்தாள். பதினெட்டு வருஷம். முதல் தூக்கு பாதியில் நின்றது. தோள் கிறீச்சிட்டது, முட்டி இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின. இரண்டாவதில் இடுப்பு தாழ்ந்தது. மூன்றாவதில் கம்பி தொடையை உரசிக்கொண்டு மேலே போனது, அவள் அதன் அடியில் உட்கார்ந்தாள், தலைக்கு மேல் இரண்டு கையும் பூட்டிக்கொண்டன. அப்படியே எழுந்து நின்றாள். கொட்டகையில் யாரும் இல்லை. யாராவது பார்த்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள், உடனே யாரும் பார்க்காததற்கு அல்லாவுக்கு நன்றி சொன்னாள்.

மறுநாளும் போனாள். முப்பத்தைந்து. அதற்கு மறுநாள் முப்பத்தெட்டு. சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையே பொய். வீட்டில் பெற்ற பிள்ளை காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடக்க, கொட்டகையில் தான் சந்தோஷமாக இருப்பது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எட்டு நாளும் போனாள்.

ஹர்தோயோ திரும்பி வந்த அன்றைக்கே நிங்ரும் எழுந்து கொட்டகைக்குப் போனாள். முகம் வெளிறியிருந்தது. அவர் கேட்டதற்கு, “லேசா காய்ச்சல், சார்” என்றாளாம். நாலு நாள் கழித்து ஹர்தோயோ போனைத் தூக்கிக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டார். லஸ்மினி காய்ந்த கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“லஸ், வேலைய விடு, இங்க வா. இதப் பாரு.”

“என்னண்ணே, அங்க மேகம் ஏறுது, கல்லு கெடக்கு.”

“கல்லு எங்க போயிரும்? பாரு இத. இது உன் மக போன மாசம் தூக்குனது. கோடு எப்பிடிப் போகுது? வயித்தால போற ஆளு மாதிரி வெளிய வளைஞ்சு வளைஞ்சு போகுதா? எத்தன தடவ சொல்லியிருப்பேன், கம்பிய ஒடம்போட ஒட்டி எடுடீன்னு. இப்ப இதப் பாரு. நான் ஊருல இல்லாதப்ப தூக்குனது.”

திரையில் நாளுக்கு ஒரு வரிசையாக எட்டு வரிசைக் கோடுகள். முதல் வரிசையில் முதல் இரண்டு கோடுகள் தள்ளாடின. அதற்குப் பிறகு எல்லாம் நூல் பிடித்தது மாதிரி நேராக மேலே போயின.

“பதினெட்டு வருஷம் முன்னால இப்பிடித் தூக்க ஒருத்திதான் இருந்தா இந்த ஊருல. உன் மக உன்ன மாதிரித் தூக்க ஆரம்பிச்சுட்டா லஸ். நான் இல்லேன்னாத்தான் நல்லாத் தூக்குவா போலருக்கு. நான் எதுக்கு, களத்துக்கு வந்து கல்லு அறுக்கவா?”

தூகிரா அந்தப் பக்கமிருந்து, “நீங்க அறுத்தா செவுரு நிக்காது” என்றாள்.

லஸ்மினிக்கு நெஞ்சு விம்மியது. நிஜமாகவே பெருமையில்தான் விம்மியது. இத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் அவள் தூக்கைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்.

“மையத்துல துள்ளிக் குதிக்கிறாங்க” என்றார் ஹர்தோயோ. “மெஷினே கனத்த ஏத்திருச்சு. வெள்ளிக்கிழம ஆளு வர்றாங்க. அவங்க முன்னால எழுபத்திரண்டு தூக்கணும்.”

“எழுபத்திரண்டா? அவ அறுபத்தஞ்சுக்கு மேல தூக்குனதே இல்லையேண்ணே.”

“மெஷினு சும்மா ஏத்தாது. அம்பத்திரண்டத் துரும்பு மாதிரி தூக்கியிருக்காளே. அவ்வளவு வேகமாப் போனா, இன்னும் தெம்பு இருக்குன்னுதான அர்த்தம்?”

லஸ்மினி கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள்.

“அதுக்குக் கனம் தெரியும்லண்ணே? தூக்குறது எவ்வளவுன்னு?”

“அதுக்கு எப்பிடித் தெரியும்? அது வேகத்தத்தான் பாக்கும். கனம், போன்ல நாம வச்சிருக்குற எண்ணுதான்.”

மழை வந்தது. எல்லோரும் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கல்லை மூட ஓடினார்கள். லஸ்மினி நின்ற இடத்திலேயே நனைந்துகொண்டு நின்றாள். தூகிரா வந்து தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை வீட்டில் மரவள்ளிக் கீரையும் வறுத்த சோயாத் தெம்பேயும் மிளகாய்ச் சம்பலும். நிங்ரும் தட்டை எடுத்துக்கொண்டு உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். லஸ்மினி பார்த்தாள். எழும்போதும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதையும் பார்த்தாள்.

“இடுப்பு வலிக்குதா?”

“இல்லயே.”

“கிழவி மாதிரி எந்திரிக்கிற.”

“நீ மட்டும் எப்பிடி எந்திரிக்கிறியாம்?”

“நான் கல்லு சொமக்கிறவ. நீ என்ன சொமந்த?”

“அம்மா, சும்மா இரும்மா. கனம் ஏறியிருக்கு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழம வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம் மையத்துல டாக்டரே இருக்காங்க.”

“அப்ப வலிக்குதுங்குற.”

“வலிக்கலன்னுதான சொன்னேன்.”

அந்தக் காலத்தில் லஸ்மினியோடு தூக்கிய ருமியா என்று ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் தகுதிக்கு மீறிய கனத்தை எடுத்தாள், முதுகில் ஏதோ சொடுக்கென்றது என்றாள். அவளுக்கும் இப்போது நாற்பத்திரண்டுதான். கழிப்பறைக்குப் போக மருமகள் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இரவெல்லாம் யோசித்தாள் என்று எழுதுவது வழக்கம். லஸ்மினி யோசிக்கவில்லை, பயந்தாள். சொன்னால் மகளின் பேர் போகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எழுபத்திரண்டு கிலோவைக் காய்ச்சலில் வற்றிய அந்த உடம்பு தூக்கும். மகள் தூக்காமல் விடுகிறவளாக இருந்தால் பயம் இல்லை. அவள் விடமாட்டாள்.

புதன்கிழமை களத்து வேலை முடிந்ததும் மண் காயாத கையோடு கொட்டகைக்குப் போனாள். ஹர்தோயோ கம்பிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த எட்டு நாளும் தூக்குனது நிங்ரும் இல்ல.”

“பின்ன?”

“நான்தான்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பதில் ஆரம்பித்ததை, முப்பத்தெட்டுக்கு மேல் போகாததை, போனில் எண்ணை மாற்றத் தெரியாததை, மாற்ற வேண்டும் என்றே தெரியாததை. அவர் துணியைக் கீழே போட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

“உனக்குப் புத்தி இருக்கா லஸ்? இது என்ன செங்கக் களமா? ஆளுக்கு ஆளு மாத்தி நிக்கிறதுக்கு?”

“வீட்டுல ஒருத்திக்கு முடியலன்னா இன்னொருத்தி போறதுதானண்ணே. வெத்தா கெடந்தா பேரு போயிரும்னு சொன்னீங்க.”

“டெங்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஆஸ்பத்திரி சீட்டப் படம் புடிச்சு அனுப்புனா அந்த நாளெல்லாம் கணக்குலயே வராது. நோவுக்கு விலக்கு உண்டு.”

லஸ்மினி அவரையே பார்த்தாள். சீட்டு வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் செருகியபடியே இருந்தது.

“நீங்க அதச் சொல்லவே இல்லையேண்ணே.”

“நீ கேக்கவே இல்லையே.”

பக்கத்துச் சூளையில் உமி எரிகிற புகை கொட்டகைக்குள் வந்து போனது. பிறகு ஹர்தோயோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீ எங்கிட்ட எதுவும் சொல்லல. நான் எதையும் கேக்கல. சரியா? ரெண்டு நாளுதான். அவ கெட்டிக்காரி, தூக்கிருவா.”

“தூக்கிருவாண்ணே. அதான் பயமா இருக்கு.”

“பதினோரு வருஷம் லஸ். உனக்கு மட்டும்தான் ஆசையா? எனக்கு இல்லையா? கனத்தக் கொறைச்சா ஏன்னு கேப்பாங்க. உண்மையச் சொன்னா பேரு போயிரும். அடுத்தவங்க தூக்குனதத் தன் பேர்ல ஏத்துனா இந்த வருஷத்துக்கு நீக்கம். எழுதியே குடுத்திருக்காங்க. ஏன் என்னன்னு கேக்க மாட்டாங்க.”

“ருமியாவப் போயிப் பாத்தீங்களா அண்ணே, சமீபத்துல?”

ருமியா தூக்கிய அன்றைக்கு எதிரில் நின்று கைதட்டியவர்களில் ஹர்தோயோவும் ஒருவர். போனை எடுத்தார்.

“சரி, உள்ளதச் சொல்லிருவோம். மொதல்ல இத அழிக்கணும், அழிச்சா திரும்ப வராது. நீயே அமுக்கு. நாளைக்கி நான்தான் அழிச்சேன்னு யாரும் சொல்லக் கூடாது.”

திரையில் அந்த எட்டு வரிசைக் கோடுகள். அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

“வேகம் பொய்யி. ஆனா இந்தக் கோடு நேராப் போகுதே, இது நெசம். இது உன்னுது.”

லஸ்மினி ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். இந்த வரிசை மழை பெய்த அன்றைக்கு. இது தோள் கிறீச்சிட்டது. இது பூட்டிக்கொண்டு எழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவில்லை. சேலையில்லாத ஊர், சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழிக்கிற பொத்தானை அமுக்கினாள். திரை கேட்கவில்லை. மறுபடி அமுக்கினாள். வருஷக்கணக்காக மண்ணில் தேய்ந்த விரல், ரேகை இல்லை, களத்துப் பெண்கள் யாருடைய விரலையும் போன் மதிப்பதில்லை. பாவாடையில் துடைத்துவிட்டு அமுக்கினாள், அப்போதும் அசையவில்லை.

“நீங்களே அமுக்குங்கண்ணே” என்றாள்.

அவர் அமுக்கினார். பிறகு அவள் எதிரிலேயே ஜகார்த்தாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். தவறு தன்னுடையது, நோய்க்கு விலக்கு உண்டு என்று தான்தான் சொல்லித் தரவில்லை என்றும் சொன்னார். எதிர்முனையில் மரியாதையாகவே பேசினார்கள். மரியாதையாகவே பேரை எடுத்துவிட்டார்கள்.

நிங்ரும் நாலு மணிக்கு வந்தாள். ஹர்தோயோ சொல்வதை நின்றுகொண்டே கேட்டாள். அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. பட்டையைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். லஸ்மினி பின்னாலேயே போனாள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள்.

“நில்லுடி. உன்னால இவ்வளவு வேகமா நடக்க முடியாது.”

“உன்ன யாரு சொல்லச் சொன்னா?”

“தெரியாமப் பண்ணிட்டேன் நிங். அதுக்குக் கனம் தெரியும்னு நெனச்சேன்.”

“தூக்குனதச் சொல்லல. இன்னிக்கிப் போயி வாயத் தொறந்தியே, அதச் சொல்றேன்.”

லஸ்மினி நின்றுவிட்டாள். நிங்ருமும் நின்றாள். முகம் சிவந்து கிடந்தது.

“எனக்குத் தெரியும்மா. காய்ச்சல்ல தண்ணி கேக்கலாம்னு கண்ணத் தொறந்தேன். நீ பட்டையக் கட்டிக்கிட்டு வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருந்த. நான் கண்ண மூடிக்கிட்டேன். கனம் ஏறுனதும் ஏன் ஏறுச்சுன்னும் தெரியும்.”

“தெரிஞ்சுமா தூக்குன?”

“பின்ன? மறுபடி களத்துக்கு வந்து உன் பக்கத்துல மண்ணு மிதிக்கவா?”

“வெள்ளிக்கிழம எழுபத்திரண்டு தூக்கியிருப்பியா?”

“தூக்கியிருப்பேன்.”

“முதுகு போயிருந்தா?”

“தூக்குனதுக்கப்புறம்தான போகும்?”

லஸ்மினியின் கை ஓங்கியது. மகளை அவள் அடித்ததே இல்லை. ஓங்கிய கை கன்னத்துக்குப் போகாமல் தோளைச் சுற்றி முதுகுக்குப் போனது. சட்டைக்கு மேலேயே முதுகுத் தண்டின் ஓரமாக ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டு வந்தது. இடுப்புக்கு நாலு விரல் மேலே ஒரு இடத்தில் கட்டைவிரல் பட்டதும் நிங்ரும் துள்ளினாள்.

“இங்கயா?”

“இல்ல.”

லஸ்மினி மறுபடி அழுத்தினாள்.

“இங்கயா?”

நிங்ரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நடுரோட்டில், சைக்கிள் பிள்ளைகள் எல்லாம் காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்க்க, ஐந்து வயதுக் குழந்தை மாதிரி வாயைத் திறந்து, “வலிக்குதும்மா, ரொம்ப வலிக்குது” என்று ஓவென்று அழுதாள்.